கொழுந்து லொறியின் மஞ்சள் விளக்கு

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்டு எரிகிற அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு டிரைவரை எனக்குத் தெரியும். கறுப்புப் பொட்டு, நல்ல பெரியது, மனைவியின் அட்டையிலிருந்து உரித்தது. "கண்ணுல படாம இருந்தா நிம்மதியா ஓட்டலாம்னு ஒட்டுனேங்க" என்றார், ஏதோ வைத்தியம் செய்துவிட்ட மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் அவருக்கென்று ஊற்றி வைத்திருந்த தேநீரை நானே குடித்துவிட்டேன். இன்னும் சிலர் விளக்கு எரிந்ததும் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பீடி குடித்து முடித்து மறுபடி மாட்டுவார்கள். விளக்கு அணைந்திருக்கும். அதோடு எஞ்சினின் கம்பியூட்டர் எங்களுக்காகக் குறித்து வைத்திருந்த பிழை எண்ணும் அழிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து இன்னொரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போது, "நல்லாத்தாங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னுதான்" என்பார்கள்.

திடீரென்று எந்த எஞ்சினும் நிற்பதில்லை. மலையகத்தில், ஹட்டன் டவுன் கராஜில் வேலை செய்த வருஷங்கள் முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அங்கே நான்தான் வயர் பாஸ். கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம், மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று. ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. வருகிறவர்கள் என் தலைக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்து, "வயர் பாஸ் எங்கம்மா?" என்று கேட்பார்கள். "ஒங்க முன்னாலதான் நிக்குது" என்பேன். சிலர் சிரித்துக்கொண்டே சாவியைத் தருவார்கள். சிலர் வேறு கராஜுக்குப் போய்விட்டு, மறுநாள் அதே பழுதோடு திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களை வரிசையில் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில், தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் வளர்ந்த என் போன்ற பெண் பிள்ளைகளுக்கென்று தந்த விண்ணப்பத்தில் தையல் வகுப்புக்கு நேரே அவர்களே அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். நான் அதை வெட்டிவிட்டு வாகன மின்சாரத்துக்கு நேரே போட்டேன். படித்து முடித்த பிறகு என்னை வேலைக்கு எடுத்த கராஜ் முதலாளி ஒரு சிங்களவர். பெண்களை முன்னேற்றும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. என் கை சின்னதாக இருக்கிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும், அதனால்தான் எடுத்தேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். என்னை நங்கி என்று, அதாவது தங்கச்சி என்று கூப்பிடுவார். அந்த ஒளிவுமறைவில்லாத பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மலைக்கு வந்த புது டீசல் லொறிகளுக்கு உடம்பெல்லாம் சென்சர். ஒன்று தண்ணீரின் சூட்டைப் பார்க்கும், ஒன்று உள்ளே போகிற காற்றை அளக்கும், ஒன்று டீசலின் பிரஷரைப் பார்க்கும். பார்த்ததையெல்லாம் கம்பியூட்டருக்குச் சொல்லும். சொன்னது சரியாக இல்லை என்று கம்பியூட்டருக்குத் தோன்றினால் விளக்கை எரியவிட்டு, ஒரு எண்ணைக் குறித்து வைத்து, எஞ்சின் கெட்டுவிடக் கூடாதே என்று அதன் பலத்தையும் குறைத்துவிடும். அந்த எண்ணைப் படிக்கக் கொழும்பிலிருந்து மெஷின் வர வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வகை லொறிகளுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சோதனை பிளக் இருக்கும். அதன் இரண்டு துளைகளை வயர்த் துண்டு ஒன்றால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். நீளமான சிமிட்டு பத்து, குட்டிச் சிமிட்டு ஒன்று. எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ணைப் படித்த கையோடு சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. பிழை எண் என்பது ஒரு முறைப்பாடு, அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசில் ஒருவர் மேல் முறைப்பாடு வந்துவிட்டால் அவர் குற்றவாளி ஆகிவிடுவாரா? ஆகிவிடுவார் என்று நினைத்த ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே மாட்டிக்கொண்டவர் என் அக்காவின் கணவர்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு அவர்தான் டிரைவர். மலையில் பறித்து மடுவக் கொட்டகையில் எடை போட்ட பச்சைத் தேயிலைக் கொழுந்தைச் சாக்குகளில் ஏற்றி, மேட்டில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது வேலை. பத்து வருஷத்தில் லொறியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மரியாதைதான். மேட்டில் லொறி திணறினால் ஸ்டியரிங்கைத் தட்டி, "வாங்க வாங்க, இன்னுங் கொஞ்சந்தான்" என்பார். லொறிக்கே அந்த மரியாதை என்றால் துரைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம்.

பழைய லொறி ஓய்ந்துபோய்ப் புது லொறி வந்த அன்று தொழிற்சாலை முற்றத்தில் பூஜை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குத் தேங்காயைத் தரையில் உடைக்க மாட்டோம். லொறியின் முன்முகத்தில், இழுவைக் கயிறு மாட்டுகிற இரும்புக் கொக்கியில் ஓங்கி அடித்து உடைப்போம். தண்ணீர் முகத்தில் தெறித்து வழிந்தால்தான் திருஷ்டி கழியும் என்பது நம்பிக்கை. முதல் தேங்காயை உடைக்கத் துரையைத்தான் கூப்பிட்டார்கள். அவர் சிங்களவர், ஆனால் இப்படிப்பட்ட விஷயங்களில் ஆர்வமாக வந்து நிற்பார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரே அடியில் உடைத்தார். எல்லோரும் கை தட்டினோம். லீவில் வந்திருந்த நானும் தட்டினேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் மாமா அதே கொக்கியில் ஒரு தேங்காய் உடைத்தார்.

மழைக்காலம் தொடங்கி மூடுபனி இறங்கியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. கொழுந்து ஏற்றிய லொறி மேட்டில் ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போனார்கள். சாக்குக்குள் நேரம் கழியக் கழியக் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும், தொழிற்சாலையில் சத்தம் கிளம்பும். லொறி விற்ற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து மெஷினைப் போட்டுப் பார்த்தார்கள். டீசல் பிரஷர் குறைவு என்றது. பிரஷர் சென்சரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி வந்து இன்னொரு சென்சரும் புது பில்டரும் போட்டார்கள். அதுவும் இரண்டு வாரம்தான். மூன்றாவது தடவை அவர்களுடைய என்ஜினியர், டீசலின் தரத்தில் சந்தேகம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. டிரைவர் டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றுகிறான் என்று ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள். புதன்கிழமை விசாரணை என்று மாமாவுக்குக் கடிதம் வந்தது. திருட்டு என்று தீர்ந்தால் வேலை போய்விடும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அக்கா முதுகு வலியால் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளோடு அந்த வீடு மாமாவின் பெயரை நம்பித்தான் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து, "பேசாம கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுருங்க" என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனாராம். செய்யாத தப்புக்கு மன்னிப்பாம். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு உரமூட்டை ஏற்ற ஹட்டனுக்கு வந்த மாமா கராஜ் வாசலில் லொறியை நிறுத்தினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர்த் துண்டைப் போட்டு எண்ணினேன். இருபத்து மூன்று. பிறகு பில்டரிலிருந்து ஒரு போத்தலில் டீசல் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தேன். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன புள்ள, நீயும் சந்தேகப்படுறியா?"

"ஒங்கள இல்ல மாமா. நா எல்லாத்தையும் சந்தேகப்படுவேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

டீசல் சுத்தமாக இருந்தது. அடுத்து சென்சரிடம் போனேன். அது வேலை செய்வதற்குக் கம்பியூட்டரிலிருந்து ஐந்து வோல்ட் வர வேண்டும். மீட்டரில் நாலுகூட வரவில்லை. சாப்பாடு குறைத்துப் போட்டால் யார்தான் சரியாகக் கணக்குச் சொல்வார்கள்? புது சென்சர் எத்தனை போட்டாலும் இதே பொய்யைத்தான் சொல்லும். வயரைப் பிடித்து அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே எஞ்சினிலிருந்து முன்னால் வந்தேன். முன் கிரில்லுக்குப் பின்னால், எஞ்சின் வயர்களும் டிரைவர் கேபினின் வயர்களும் சேருகிற பெரிய பிளக்கைத் தொட்டதும் மீட்டர் முள் ஆடியது. கிரில்லைத் தூக்கினேன்.

உள்ளே எறும்பு. பொடிச் சிவப்பு எறும்புகள் ஒழுங்காக வரிசை கட்டி அந்தப் பிளக்கின் ரப்பருக்குள் போய்க்கொண்டிருந்தன. பிளாஸ்டிக்கிலும் செம்பிலும் எறும்புக்கு என்ன வேலை? பிளக்கைப் பிரித்தேன். பின்களில் பச்சைக் களிம்பு, அதன் மேல் பாகு மாதிரிப் பிசுபிசுப்பு. மூக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. புளித்துப்போன தேங்காய்த் தண்ணீர்.

"மாமா, வெள்ளிக்கெழம தேங்கா இந்தக் கொக்கியிலதான ஒடைக்கிறீங்க?"

அவர் கொக்கியைப் பார்த்தார். அதற்கு ஒரு சாண் மேலே இருந்த பிளக்கைப் பார்த்தார். "சாமி குத்தமா புள்ள?"

"சாமிக்கு ஒடச்சது சாமிக்குப் போயிருச்சு மாமா. தண்ணி மட்டும் பிளக்குக்குப் போயிருச்சு. அவ்வளவுதான்."

பழைய லொறியின் முகம் வெறும் இரும்பு. வயர் எதுவும் கிடையாது, எத்தனை தேங்காய் உடைத்தாலும் தாங்கும். வழக்கத்தை மாற்றாமல் லொறியை மட்டும் மாற்றிவிட்டோம். காய்ந்த நாளில் அந்தப் பிசுபிசுப்பு சும்மா கிடக்கும். பனியும் தூறலும் வந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்தைத் தின்னும். கம்பெனி ஆட்கள் வெயில் நாளாகப் பார்த்து வந்தார்கள், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த சென்சரை மாற்றினார்கள், விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்னால் ஒரு தடவை கிரில்லைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை.

துடைத்து எடுக்க அரை மணித்தியாலம் போதும். களிம்பு கரைக்கிற மருந்து ஸ்பிரே கையில்தான் இருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு யோசித்து மூடிவிட்டு, பிளக்கை எறும்போடு சேர்த்து அப்படியே மாட்டினேன்.

"ஏம் புள்ள, சுத்தம் பண்ணிக் குடுத்துரு. நாளைக்குக் கொழுந்து ஏத்தணும்ல."

"இப்ப வெளக்க அணைச்சா, பயந்துபோயி மண்ணெண்ண ஊத்துறத நிறுத்திட்டான்னுதான் மாமா சொல்லுவாங்க. பழுது இருக்கணும். புதன்கெழம வரைக்கும் இருக்கணும்."

அவர் லொறியில் ஏறிப்போனார். விளக்கு எரிய எரிய அந்த லொறி வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடாமல் அனுப்பியது என் வாழ்க்கையில் அது ஒரே தடவை. எனக்கு அழுகை வந்தது.

அன்று மாலை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கையில மருந்த வச்சிக்கிட்டே குடுக்காம வந்துருக்கியேடி, நீயெல்லாம் ஒரு பொறப்பா?"

"புதன்கெழம நா தோத்துட்டா புள்ளைங்களோட என் ரூமுக்கு வந்துரு."

"ஒன் ரூமுலயா? அங்க ஒன் கட்டிலே குறுக்கால கெடக்கு."

சிரிக்கிற நிலையில் இரண்டு பேருமே இல்லை. அடுத்த நாள் முழுவதும் மாமா அந்தக் குறைந்த பலத்தோடு மேட்டில் ஊர்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்கினார். ஏன் ஊர்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக நான் அவரிடம் இன்று வரை மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெய்தது. ஆபீசில் துரை, கம்பெனி என்ஜினியர், எழுதிக்கொண்டிருந்த கிளார்க், ஓரமாக நின்ற மாமா. நான் மீட்டரோடு உள்ளே போனேன். தோட்டத்துத் தமிழ் துரைக்கு நன்றாகவே வரும்.

"நீ யாரு? ஒன்னய யாரு கூப்புட்டது?"

"அவருக்காகப் பேச வந்துருக்கேன் சர். ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வரலாம்னு ஒங்க கடுதாசியிலயே இருக்கு."

என்ஜினியர் கொழும்பில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இது கம்பியூட்டர் எஞ்சின். மெஷின் இல்லாமல் நீர் என்னத்தைப் பாத்தனீர்?"

"இருபத்து மூணுதான சர் ஒங்க மெஷின் சொன்னது?"

அவர் தன் கடதாசியைப் பார்த்தார். மெதுவாக, "ஓம்" என்றார்.

எல்லோரையும் மழையில் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் எதையும் தொடவில்லை. நான் தொட்டால் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பார்கள். "ஒங்க மீட்டர்லயே நீங்களே பாருங்க சர்" என்றேன். அவர் சென்சரில் பார்த்தார், பிறகு வயர் வழியாக முன்னுக்கு வந்தார், கிரில்லைத் தூக்கினார். எறும்புகள் வேலையாக இருந்தன. பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, "தேங்காய்த் தண்ணி" என்று தானாகவே சொன்னார். பிளக்கை மறுபடி மாட்டி, அதைத் தாண்டி ஒரு தனி வயரை நேராகக் கொடுத்தார். ஐந்து வோல்ட் முழுசாகப் போனது. மெஷினில் டீசல் பிரஷர் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறி நின்றது. மாமா கால் வைத்ததும் எஞ்சின் தன் முழுக் குரலில் சத்தம் போட்டது.

என்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டே துரையிடம் சொன்னார்: "டீசலிலை பிழை இல்லை. பிழை எங்கடை பக்கம்தான். மூண்டு தரம் வந்தும் இதைத் திறந்து பாக்கேல்லை."

அவரைக் குதறுவதற்கென்று பஸ்ஸில் வரும்போது நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதாகிவிட்டது. அதுவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

துரை விடவில்லை. "சரி, தேங்கா ஒடச்சது இவன்தானே?"

"ஆமாங்க சர், நாந்தாங்க" என்றார் மாமா உடனே.

"மொதத் தேங்காய நீங்க ஒடச்சீங்க சர்" என்றேன். "நாங்க எல்லாரும் கை தட்டுனோம். வயர் வேல படிச்ச நானும் பக்கத்துல நின்னு தட்டுனேன். குத்தம்னா எல்லாரு பேரையும் எழுதுங்க."

கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. துரையின் காது சிவந்தது. ஆபீசுக்குத் திரும்பியதும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார்கள். மாமா பேனாவை வாங்கிவிட்டார். ஆங்கிலத்தில் நீட்டியதிலெல்லாம் கையெழுத்துப் போட்டே பழகியவர். நான் கடிதத்தை இழுத்துப் படித்தேன். திருட்டு என்ற பேச்சு இல்லை. ஆனால் தன்னுடைய கவனக்குறைவால் கம்பெனி வாகனத்தைப் பழுதாக்கியதாக அவரே ஒப்புக்கொள்வதாக இருந்தது. தமிழில் சொன்னேன்.

மாமா பேனாவை மேசையில் வைத்தார். "இதுல போட மாட்டேங்க சர்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார். அந்த ஆபீசுக்குள் அவர் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

திருட்டு இல்லை என்று என்ஜினியரே சொல்லிவிட்டதால் வேலையிலிருந்து விலக்க முடியவில்லை. வீடு தப்பியது. ஆனால் லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து கான் வெட்டப் போகச் சொன்னார்கள். பத்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், மம்பட்டியோடு மலையில் தண்ணீர் ஓடுகிற கானைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்கா, "வீடு இருக்குல்ல, அது போதும்டி" என்றாள். எனக்குப் போதவில்லை.

பிளக்கைச் சரி செய்யும் வேலையை என்ஜினியர் சொல்லி எங்கள் கராஜுக்கே அனுப்பினார்கள். லொறியின் மேல் எனக்கு என்ன கோபம்? ஒழுங்காகவே செய்தேன். இரண்டு பின்களை மாற்றி, கிரீஸ் வைத்து, வில் மாதிரிக் கீழே தொங்கவிட்டு வயரைக் கட்டினேன். மேலே விழுகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். பழைய டியூபை வெட்டி ஒரு மூடியும் போட்டேன். லொறியோடு வந்த புது டிரைவரிடம், தேங்காயைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உடையுங்கள், கிரில்லுக்குள் தண்ணீர் அடிக்காதீர்கள், சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிந்து அணைகிறதா என்று தினமும் பாருங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஆட்டி முடித்துவிட்டார்.

மூன்று மாதம் போயிருக்கும். கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தோட்டமே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. லொறி பளபளக்க வேண்டும் என்று துரையின் உத்தரவு. டியூப் மூடி அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, மோட்டர் வைத்த குழாயால் கிரில்லுக்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை மஞ்சள் விளக்கு. கொழுந்து அதிகமாக வருகிற மாதம். கம்பெனி ஆட்கள் வர நாலு நாள் ஆகும் என்றார்களாம். லொறியை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் புது டிரைவர் பஸ் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் துரையே போன் எடுத்தார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணித்தியாலம் சர். ஆனா நா தொட மாட்டேன்."

"ஏன்?"

"போன தடவ சரி செஞ்சேன். திரும்பி வந்துருச்சு. இந்தப் பழுது வராமத் தடுக்கணும்னா கிரீசும் டியூப்பும் மட்டும் பத்தாது சர். அந்த லொறிக்கு எங்க நோகும்னு தெரிஞ்ச ஆளு அதுல ஏறணும். அவரு பதினோராம் நம்பர் மலையில கான் வெட்டிக்கிட்டு இருக்காரு."

"நீ எனக்கு ஓடர் போடுறியா?"

"இல்லீங்க சர். லொறிக்கு வேண்டியதச் சொல்றேன். இந்த தடவ யாரு கவனக்குறைவுன்னு நா கேக்கவே இல்லியே."

கராஜ் முதலாளி போனை என் கையிலிருந்து பிடுங்கினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் கராஜில் வயர் விஷயத்தில் நங்கி சொன்னதுதான் முடிவு, சர் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் டயர் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல வாடிக்கை ஒன்று போய்விட்டது என்று என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று விட்டேன். லொறி நின்ற இடத்திலேயே நின்றது. நான் வேறு ஒரு வேனின் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன், ஆனால் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் தோட்டத்து டிராக்டர் வந்து நின்றது. பெட்டியிலிருந்து மாமா இறங்கினார். முழங்கால் வரை சேறு. மலையிலிருந்து அப்படியே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரு கையில் ஆபீசில் இருந்த மற்ற லொறிச் சாவி, மறு கையில் மடித்த கடதாசி. லொறியைப் பார்த்தார், ஆனால் அதன் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து கடதாசியை நீட்டினார்.

"கிளார்க்கு குடுத்தாரு புள்ள. இங்கிலீசுல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னாரு. வாசிச்சுக் கேட்டுட்டுத்தான் போடுவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சரியா இருந்தாத்தான் ஏறுவேன். இல்லன்னா அந்த டிராக்டர்லயே திரும்பிப் போறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தேன். இன்று முதல் கொழுந்து லொறியின் டிரைவர் என்று அவருடைய பெயர் இருந்தது. கவனக்குறைவு இல்லை, எச்சரிக்கை இல்லை, மன்னித்தோம் என்கிற தர்மப் பிச்சையும் இல்லை. நம்பாமல் மடித்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

"சரியா இருக்கு மாமா. போடுங்க."

வேனின் முன்மூடி மேல் கடதாசியை வைத்து, அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அவர் எழுதி முடித்த பிறகுதான் நான் கிரில்லைத் தூக்கினேன்.